இடம் பதியாத புகைப்படம்: எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்க, அறிகுறி வாரியாக

நண்பர்களும் உறவினர்களும் கொண்டுவந்து கொடுக்கும் வன்தட்டுகளில் உள்ள புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவது எனக்கு ஓய்வுநேர வேலை. எல்லா வன்தட்டிலும் ஒரே குறைதான். வரைபடத்தைத் திறந்தால் கைப்பேசியில் எடுத்த படங்கள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமராவில் எடுத்தவை, வாட்ஸ்அப்பில் வந்தவை, பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தவை எல்லாம் "இடம் தெரியாதவை" என்ற ஒரே மூட்டையில் கிடக்கும்.

அந்த மூட்டையைப் பிரிக்க உட்காருகிறவர்கள் உடனே படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மலை தெரிகிறதா, கோபுரம் தெரிகிறதா, பெயர்ப்பலகை தெரிகிறதா என்று இரவெல்லாம் தேடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எடுத்த நேரம் சரியாகத் தெரிந்தால், முன்னும் பின்னும் எடுத்த படங்களே பெரும்பாலானவற்றுக்கு இடத்தைச் சொல்லிவிடும். அதனால்தான் இந்த வழிமுறையில் கடிகாரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

முழுக் கோப்புறையையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்துவிட்டு நகலில் மட்டும் கை வையுங்கள். எக்சிஃப்டூல் என்ற இலவச நிரலிலோ டிஜிகேம் போன்ற பட மேலாண்மை மென்பொருளிலோ கோப்பைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: எடுத்த நேரம், கேமராவின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை. "கோப்பு மாற்றப்பட்ட தேதி" என்று கணினி காட்டுவதை ஒதுக்கிவிடுங்கள். பல நேரம் அது யாரோ அந்தக் கோப்பை எங்கோ நகலெடுத்த தேதியாகத்தான் இருக்கும்.

மூன்றுமே இல்லையென்றால் அறிகுறி 1. நேரம் இருந்து இடம் மட்டும் இல்லையென்றால் அறிகுறி 2. இடம் இருந்தும் அது தவறாக இருந்தால் அறிகுறி 3. படத்தைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லையென்றால் அறிகுறி 4.

## அறிகுறி 1: கோப்பில் எந்த விவரமும் இல்லை

விவரம் இல்லாமல் பிறக்கும் படம் அரிது. வந்த வழியில் உதிர்ந்திருக்கும். எந்த வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள்.

### செய்திச் செயலி வழியாக வந்த படம்

கோப்பின் பெயரில் தேதிக்குப் பிறகு டபிள்யூஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வாட்ஸ்அப் நகல். செயலி படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரம், இடம் இரண்டையும் களைந்துவிடுகிறது. பெயரில் உள்ள தேதி செயலியில் படம் கைமாறிய தேதி. அது படம் எடுத்த நாள்தான் என்று எண்ணி மாட்டிக்கொள்ளாதீர்கள். அனுப்பியவரிடம் அசல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் படமாக அனுப்பச் சொல்லாமல், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வரும். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்கிற சிக்கலுக்குப் பலர் இரண்டு நாள் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

### கைப்பேசியில் இடம் தெரிகிறது, வேறு எங்கும் தெரியவில்லை

ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி பெறாத செயலி படத்தைத் திறந்தால் இருப்பிடம் மறைக்கப்பட்டே அதற்குக் கிடைக்கும். உலாவி வழியாக ஏற்றும்போது இடம் காணாமல்போவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். கேபிளைச் செருகிக் கோப்பைக் கணினிக்கு நேரடியாக நகலெடுத்துப் பாருங்கள். ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேலே உள்ள விருப்பங்களில் இருப்பிடத்தைச் சேர்க்கும் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

### கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கிய படம்

டேக்அவுட் முறையில் இறக்கினால் படத்துடன் ஜேசான் வகைக் கோப்பு (படத்தின் விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் சிறு கோப்பு) ஒன்றும் வரும். நீங்கள் கூகுள் போட்டோஸில் கையால் சேர்த்த இடம் படத்துக்குள் இராது, அந்த ஜேசானில்தான் இருக்கும். அதைத் தேவையற்றது என்று அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

### நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்

அசல் இருந்த நினைவக அட்டை அழிக்கப்பட்டிருந்தால் அந்த அட்டையில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காதீர்கள். அழித்த கோப்பின் இடத்தில் புதியது எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. இலவச மீட்பு நிரலை ஒருமுறை ஓட்டலாம். அட்டையைக் கணினி அடையாளமே காணவில்லையென்றால் மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: நேரம் இருக்கிறது, இடம் இல்லை

கேமராவில் எடுத்த படங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த வகை. நல்ல செய்தி என்னவென்றால், இந்த வகைதான் மொத்தமாகத் தீரும்.

### அன்று பையில் ஒரு கைப்பேசி இருந்ததா?

இருந்திருந்தால் அன்றைய கைப்பேசிப் படங்களையும் கேமராப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு கேமராப் படத்துக்கு மூன்று நிமிடம் முன்னும் இரண்டு நிமிடம் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த கைப்பேசிப் படங்கள் இருந்தால் வேலை முடிந்தது; அந்த இடத்தையே கொடுத்துவிடலாம். உடன் வந்தவர்களின் கைப்பேசிகளையும் கேளுங்கள். குழுவாகப் போன பயணத்தில் யாரோ ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்திருப்பார். அவரைக் கேலி செய்ததை மறந்துவிட்டுக் கேட்க வேண்டும்.

### தடப்பதிவு இருக்கிறதா?

நடைப்பயிற்சிச் செயலி, கைக்கடிகாரம், சைக்கிள் கணினி ஆகியவற்றில் ஏதாவது அன்று ஓடியிருந்தால் அதிலிருந்து ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது எந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்ற புள்ளிகளின் பட்டியலை, எடுக்கலாம். கேமராவில் ஜிபிஎஸ் இல்லாதது அப்போது ஒரு குறையே அல்ல. எக்சிஃப்டூலின் ஜியோடேக் கட்டளையும் டிஜிகேமின் புவியிடத் தொகுப்பானும் தடத்தையும் படங்களின் நேரத்தையும் பொருத்தி இடத்தை எழுதிவிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. தடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே படம் விழுந்தால் நிரல் அவற்றுக்கு இடையே நேர்க்கோடு போட்டு இடத்தை ஊகிக்கும். எக்சிஃப்டூல் இதை 1800 விநாடி இடைவெளி வரை செய்யும். அது அதன் இயல்பு அமைப்பு. நடந்துபோனவருக்கு அரைமணி நேரம் என்றால் இரண்டு கிலோமீட்டர். பிழை பெரிதாக இருக்காது. மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடும் ரயிலில் அதே அரைமணி 45 கிலோமீட்டர். பாதை வளைந்து போயிருந்தால் படம் ஏரிக்குள் விழும். வாகனப் பயணங்களுக்கு இந்த வரம்பை 120 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். சில படங்களுக்கு இடம் கிடைக்காது. தவறான இடம் கிடைப்பதைவிட அது மேல்.

### தடமும் இல்லை, கைப்பேசிப் படமும் இல்லை

நேரமும் இடமும் சேர்ந்து பதியும் வேறு எதுவும் உதவும்: ரயில் டிக்கெட், சுங்கச்சாவடி ரசீது, வங்கி அட்டை பயன்படுத்தியதற்கு வந்த குறுஞ்செய்தி, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று வீட்டுக்கு அனுப்பிய செய்தி. கூகுள் மேப்ஸில் காலவரிசையை இயக்கி வைத்திருந்தவர்கள் கணினியில் தேடாதீர்கள். 2024 முதல் அது கைப்பேசிக்குள் சேமிக்கப்படுகிறது. பழைய கைப்பேசியைத் தூக்கிப்போடுவதற்கு முன் அதில் பாருங்கள்.

### கேமராக் கடிகாரம் எவ்வளவு தவறு?

மேலே சொன்ன எல்லாமே கேமராவின் கடிகாரத்தை நம்பி நிற்கின்றன. கடிகாரம் நான்கு நிமிடம் தவறியிருந்தால் பேருந்தில் எடுத்த எல்லாப் படமும் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இனி எடுக்கப்போகும் பயணம் என்றால் மருந்து எளிது. கைப்பேசியின் கடிகாரத்தை விநாடியுடன் திரையில் காட்டி, கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். திரும்பும் நாளில் இன்னொன்று. இரண்டிலும் வித்தியாசம் ஒன்றே என்றால் அதை எல்லாப் படங்களுக்கும் கூட்டினால் போதும். வித்தியாசம் வளர்ந்திருந்தால் கடிகாரம் நாள்தோறும் நகர்கிறது; எக்சிஃப்டூலின் ஜியோசிங்க் அமைப்புக்கு இரண்டு அளவையும் கொடுத்தால் அது இடைப்பட்ட நாட்களுக்குப் பிரித்துக் கணக்கிட்டுக்கொள்ளும்.

முடிந்துபோன பயணம் என்றால் படங்களுக்குள்ளேயே கடிகாரத்தைத் தேடுங்கள். ரயில் நிலையக் கடிகாரம், மணிக்கூண்டு, விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பலகை எதுவானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் ஒரே நொடியைக் கேமராவும் கைப்பேசியும் பிடித்த நிகழ்வு ஒன்றைத் தேடுங்கள்: விளக்கணைத்த கணம், கைதட்டல், எல்லாரும் சேர்ந்து துள்ளிய துள்ளல். ஒருமுறை இருபத்திரண்டு நாள் பயணம் ஒன்றை, பின்னணியில் ஓரமாகத் தெரிந்த மருந்துக்கடையின் மின் கடிகாரத்தை வைத்துச் சரிசெய்தேன். அதில் விநாடி இல்லை, நிமிடம் மட்டும்தான்; அதுவே போதுமாக இருந்தது.

## அறிகுறி 3: இடம் பதிந்திருக்கிறது, ஆனால் தவறான இடம்

எவ்வளவு தவறு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தவறை அளந்துவிட்டு, கீழே பொருந்துவதைப் பிடியுங்கள்.

எல்லாப் படமும் முழு மணிக்கணக்கில் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கிறது. நேர மண்டலக் குழப்பம். ஜிபிஎக்ஸ் தடம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கேமரா உள்ளூர் நேரத்தில் எழுதும். எந்த ஊர் உள்ளூர் என்று பெரும்பாலும் சொல்லாது. அதைச் சொல்வதற்கான களமே எக்சிஃப் தரத்தில் (படக் கோப்புக்குள் விவரங்களை எழுதும் முறை) 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. கேமராவை லண்டன் நேரத்தில் வைத்தபடி டோக்கியோவில் சுற்றியிருந்தால் குளிர்காலத்தில் 9 மணி, கோடையில் 8 மணி கூட்ட வேண்டும். அந்த ஒரு மணி வித்தியாசத்தில்தான் பலரும் இடறுகிறார்கள்.

அரைமணி, முக்கால்மணி வித்தியாசம். இதுவும் நேர மண்டலம்தான். இந்தியாவும் இலங்கையும் பொது நேரத்துக்கு 5.30 மணி முன்னே, நேபாளம் 5.45 மணி முன்னே. கோப்பில் மண்டலக் களம் இருந்து அதில் 5.45 என்று இருந்தால் நாடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரியாகப் பன்னிரண்டு மணி. முற்பகல் பிற்பகல் மாற்றி அமைத்த கேமரா. இரவு இரண்டு மணிக்கு வெயிலில் எடுத்த படம் என்று காட்டினால் வேறு எதையும் தேட வேண்டாம்.

தடத்தின் தேதி 19 ஆண்டு ஏழரை மாதம் பின்னால் இருக்கிறது. பழைய ஜிபிஎஸ் கருவி. அதன் வாரக்கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படித் திரும்பியபோது புதுப்பிக்கப்படாத கருவிகள் சில பின்னோக்கிப் போய்விட்டன. எல்லா நேரத்துக்கும் 7168 நாள் கூட்டுங்கள். இடம் சரியாகவே இருக்கும்.

படம் நடுக்கடலில். அட்சரேகை தீர்க்கரேகை இரண்டுமே 0 என்றால் அது ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடா. அங்கே நீங்கள் போகவில்லை. ஏதோ ஒரு நிரல் காலியான களத்தில் சுழியத்தை எழுதிவிட்டது. அழித்துவிட்டு அறிகுறி 2-க்குப் போங்கள். வேறு கடலிலோ தொடர்பே இல்லாத நாட்டிலோ விழுந்திருந்தால் திசை எழுத்து தொலைந்திருக்கலாம். எக்சிஃபில் எண் ஒரு களத்திலும், வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்பது இன்னொரு களத்திலும் இருக்கும். மேற்கு என்ற குறி உதிர்ந்தால் நியூயார்க் படம் கிர்கிஸ்தானில் விழும். தெற்கு உதிர்ந்தால் சிட்னி படம் ஜப்பானுக்குக் கிழக்கே கடலில் மிதக்கும்.

முதல் ஒன்றிரண்டு படம் மட்டும் தவறு. விமானத்திலிருந்தோ சுரங்க ரயிலிலிருந்தோ வெளியே வந்ததும் எடுத்தவை. கைப்பேசி கடைசியாக அறிந்த இடத்தையே எழுதிவிட்டது. கோப்பில் ஜிபிஎஸ் நேரம் தனியாகப் பதிந்திருந்தால் அது பொது நேரத்தில் இருக்கும் என்பதால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, எடுத்த நேரத்துடன் ஒப்பிடுங்கள். பல நிமிடம் பழையதாக இருந்தால் இதுதான்.

சில நூறு மீட்டர் ஒரே திசையில் விலகல், அதுவும் சீனாவில். அங்குள்ள வரைபடங்கள் சட்டப்படி வேறு ஆயத்தொலை முறையில் வரையப்படுகின்றன. படத்தில் உள்ள எண் சரியாகவே இருக்கக்கூடும். அதைத் திருத்துவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஒரு சில கிலோமீட்டர் தள்ளி, தோராயமாக. கேமராச் செயலிக்குத் துல்லிய இருப்பிட அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. அமைப்பை மாற்றினால் இனி எடுப்பவை சரியாகும். எடுத்தவற்றுக்கு அறிகுறி 5 தான் வழி.

## அறிகுறி 4: படம் மட்டும் கையில், வேறு எதுவும் இல்லை

இப்போதுதான் படத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அதற்கும் வரிசை உண்டு.

### முதலில்: படம் இடவலம் மாறியிருக்கிறதா?

முன்பக்கக் கேமராவில் எடுத்தவையும் பக்கம் புரட்டி வைத்து ஸ்கேன் செய்த நெகட்டிவ்களும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கலாம். எழுத்து, சட்டைப் பொத்தான், கடிகாரம் கட்டிய கை, ஸ்டியரிங் இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு மலைமுகட்டின் வடிவத்தை வைத்து நான்கு மாலைப்பொழுதுகள் தேடியிருக்கிறேன். ஐந்தாம் நாள் படத்தைத் திருப்பிப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதிலிருந்து இதுதான் முதல் சோதனை.

### படத்தைக் கொண்டே தேடுதல்

கூகுள் லென்ஸ், பிங், யாண்டெக்ஸ், டின்ஐ நான்கிலும் போடுங்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். முழுப் படத்தைப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். முகங்களை வெட்டிவிட்டுப் பின்னணியில் உள்ள கட்டடத்தை மட்டும் போட்டால் விடை மாறும்.

செயற்கை நுண்ணறிவு ஊகிப்பான்களிடமும் கேட்கலாம். ஆனால் எதிர்பார்ப்பைக் கட்டுக்குள் வையுங்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட பிளாநெட் என்ற நிரல், சாதாரணப் படங்களில் 28.4 சதவீதத்துக்குத்தான் நாட்டைச் சரியாகச் சொன்னது. தெரு அளவில் 3.6 சதவீதம். 2023-இல் ஸ்டான்போர்டு மாணவர்கள் உருவாக்கிய பிஜியன், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஊகங்களை உண்மையான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வைத்தது. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்டவை நான்கு பக்கமும் தெரியும் தெருக்காட்சிகள். உங்களிடம் இருப்பது உணவுமேசையும் பாதிச் சன்னலும். இவை தன்னம்பிக்கையோடு தவறும். விடையைக் கேட்காமல், எதைப் பார்த்து அந்த விடை சொன்னாய் என்று கேளுங்கள். சொல்லும் காரணத்தை நீங்களே படத்தில் சரிபார்க்க முடிந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

### எழுத்து

ஒரு பெயர்ப்பலகை நூறு மரங்களுக்குச் சமம். மொழி தெரியாவிட்டாலும் எழுத்தின் வடிவம் நாட்டைக் குறுக்கிவிடும். தமிழ்ப் பலகையில் சிங்களமும் சேர்ந்திருந்தால் இலங்கை. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் ஒரே அரசுப் பலகையில் இருந்தால் சிங்கப்பூர். சிரிலிக் எழுத்தில் ஒற்றைக் கோட்டின்மேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்து வந்தால் உக்ரேனிய மொழி. உயிரெழுத்தின் தலையில் குறிக்கு மேல் குறி ஏறியிருக்கும் இலத்தீன் எழுத்து என்றால் வியட்நாம். தொலைபேசி எண்ணின் தொடக்க இலக்கங்கள் பாதி தெரிந்தாலும் ஊர் வரை போகலாம்.

### சாலை

வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் பொருந்தாமல் போவதே பெரிய தடயம். மியான்மர் 1970-இல் வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியது; ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட வண்டிகள் அங்கே ஏராளம். பழைய படம் என்றால் ஆண்டும் முக்கியம்: ஸ்வீடன் 1967 வரை இடப்பக்கம் ஓட்டியது, சமோவா 2009-இல் இடப்பக்கத்துக்கு வந்தது. எண் பலகை முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்றால் பிரிட்டனை முதலில் பாருங்கள். இரண்டுமே மஞ்சள் என்றால் நெதர்லாந்தை.

### வெயிலும் நிழலும்

இதைப் பற்றி இணையத்தில் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். நிழலை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. தவறான ஊரை விலக்க முடியும்.

கணக்கு இதுதான். சம இரவு நாளில் நண்பகல் வெயிலின் உயரக் கோணத்தை 90-இலிருந்து கழித்தால் அட்சரேகை. கம்பத்தின் உயரமும் நிழலின் நீளமும் சமம் என்றால் கோணம் 45, அட்சரேகையும் 45. மற்ற நாட்களில் 23.4 பாகை வரை கூட்டியோ கழித்தோ திருத்த வேண்டும். ஆனால் ஒரு பாகை என்பது தரையில் 111 கிலோமீட்டர். சாய்ந்த தரையில் விழுந்த நிழலைப் படத்திலிருந்து அளந்தால் மூன்று நான்கு பாகை எளிதாகத் தவறும். தீர்க்கரேகை இன்னும் மோசம்: கடிகாரம் நான்கு நிமிடம் தவறினால் ஒரு பாகை போய்விடும்.

அதனால் இரண்டு ஊர்களுக்கு நடுவே தயங்கும்போது மட்டும் இதைக் கையில் எடுங்கள். சன்கால்க் போன்ற தளத்தில் தேதியையும் நேரத்தையும் கொடுத்து, எந்த ஊரில் நிழல் அந்தத் திசையில் விழும் என்று பாருங்கள்.

நிழலைவிட எனக்குப் பிடித்தது கூரைமேல் இருக்கும் டிஷ் ஆன்டெனா. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால் வடக்கு அரைக்கோளத்தில் டிஷ்கள் தெற்குப் பக்கமாகவும் தெற்கு அரைக்கோளத்தில் வடக்குப் பக்கமாகவும் திரும்பியிருக்கும். வானத்தை அண்ணாந்து பார்த்தால் நிலநடுக்கோட்டுக்கு அருகே. ஒரு தெருவில் எல்லா டிஷ்களும் பார்க்கும் பக்கம் தெரிந்தால் படத்துக்குத் திசைகாட்டி கிடைத்துவிட்டது.

### மலை, ஆறு, பாலம்

மலைமுகடு தெளிவாக இருந்தால் பீக்ஃபைண்டர், பீக்வைசர் போன்ற செயலிகள் எந்த இடத்திலிருந்து பார்த்தால் எந்த வடிவம் தெரியும் என்று வரைந்து காட்டும். கட்டமைப்புகள் தெரிந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவில் ஓவர்பாஸ் டர்போ என்ற தேடல் தளம் வழியாகக் கேள்வி கேட்கலாம்: "ரயில் பாலத்திலிருந்து 300 மீட்டருக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடங்கள்" என்பது போல. நாடு தெரியாமல் இதைக் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவியும்.

### நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்

இரண்டு மாலைப்பொழுது தேடியும் நாடே தெரியவில்லையென்றால் வேறு கண் தேவை. மரத்தைத் தாவரவியல் தெரிந்தவரிடமும், கட்டட அமைப்பைக் கட்டடக்கலை தெரிந்தவரிடமும், ரயில் பெட்டியை ரயில் ஆர்வலரிடமும் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னவர்கள் பெட்டியின் வர்ணத்தைப் பார்த்தே ஆண்டையும் பாதையையும் சொல்வார்கள்.

காணாமல்போனவர் பற்றிய படம் என்றால் நீங்களாகத் தேடி நேரத்தைக் கடத்தாமல் காவல்துறையிடம் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் படம் என்றால் கோப்பைத் திறந்து சேமிக்கக்கூடச் செய்யாமல் தடயவியல் நிபுணரிடம் ஒப்படையுங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வீடு எங்கே என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி யாராவது வந்தால் நான் மறுத்துவிடுவேன்.

## அறிகுறி 5: ஊர் தெரியும், நின்ற இடம் தெரியவில்லை

இதற்கு ஒரு பழைய நில அளவை உத்தி போதும். படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள்: அருகிலிருக்கும் கட்டடத்தின் மூலைக்கு நேர் பின்னே தொலைவில் கோபுர உச்சி, அது போல. வரைபடத்தில் அந்த இரண்டையும் இணைத்து உங்கள் பக்கமாகக் கோட்டை நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டின்மேல் எங்கோ நிற்கிறது. படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு இணையைப் பிடித்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டுமிடம்தான் நின்ற இடம். மூன்றாவது கோடு கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொருள்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவோ அவ்வளவு துல்லியம். பக்கத்துப் பக்கத்து மின்கம்பங்களை வைத்துக் கோடு போட்டால் அது விசிறிபோல் விரிந்துவிடும்.

ஒரு கோடுதான் கிடைத்தது என்றால் லென்ஸ் உதவும். முழுச் சட்டகக் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கு உணரி உள்ளது) 50 மில்லிமீட்டர் லென்ஸ், தொலைவின் 0.72 மடங்கு அகலத்தைப் பிடிக்கும். 20 மீட்டர் அகலக் கட்டடம் சட்டகத்தை ஓரம் முதல் ஓரம் வரை நிறைத்தால் ஏறத்தாழ 28 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறீர்கள். வெட்டப்பட்ட படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியாக கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலோ மாப்பில்லரி என்ற தெருப்படத் தளத்திலோ அந்த இடத்துக்குப் போய்ப் படத்தோடு ஒப்பிடுங்கள். கட்டடம் இடிந்துபோயிருந்தால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்கு நகர்த்திப் பாருங்கள்.

## அறிகுறி 6: ஸ்கேன் செய்த பழைய படம்

கோப்பில் உள்ள நேரம் ஸ்கேன் செய்த நேரம்; அதைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேனைவிட அசலில் தகவல் அதிகம்: நெகட்டிவின் ஓரத்தில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் எண் இருக்கும். பதினான்காம் படச்சட்டம் எங்கே எடுத்தது என்று தெரிந்தால் பதினைந்தாவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். அதனால் நெகட்டிவ்களைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். பல கோடாக்குரோம் ஸ்லைடுகளின் அட்டைச் சட்டத்தில் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும்; எடுத்தது அதற்கு முன்.

அச்சுப் படத்தின் பின்னால் இருக்கும் கடை முத்திரை படத்தை எங்கே அச்சிட்டார்கள் என்று மட்டும் சொல்லும். சுற்றுலாப் படங்களை ஊர் திரும்பித்தான் கழுவக் கொடுப்பார்கள். மூலையில் அச்சான தேதியில் நாள் முன்னா மாதம் முன்னா என்று, 12-க்கு மேற்பட்ட எண் வரும் வேறொரு படத்தை அதே சுருளில் தேடி உறுதிசெய்யுங்கள்.

ஆல்பத்தில் இருப்பவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள். "இது எங்கே?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "யார் எடுத்தது, எதில் போனீர்கள், அன்று இரவு எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டால் கதை வரும், கதையில் இடம் வரும்.

## அறிகுறி 7: தடயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன

நகரக்கூடிய பொருளும் நகராத பொருளும் முரண்பட்டால் நகராததை நம்புங்கள். ஜப்பானிய எழுத்துள்ள பேருந்து, ஜப்பானிலிருந்து பழைய வண்டி வாங்கிய எந்த நாட்டிலும் ஓடலாம். சட்டையில் உள்ள ஊர்ப்பெயர் சட்டைக்காரரின் ஊர் அல்ல. சாலைக் கோடு, கல்வெட்டு, மலை, மின்கம்பத்தின் வடிவம் ஆகியவை எங்கும் போகாது. நேரமும் காட்சியும் முரண்பட்டால் கடிகாரத்தைச் சந்தேகித்து அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

## கண்டுபிடித்த இடத்தை எழுதும்போது

ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். எக்சிஃபில் இடத்தை அறிந்த முறைக்கென்று ஒரு களம் இருக்கிறது. அதில் மேனுவல் என்ற சொல்லைப் போட்டால் இது கருவி சொன்னதல்ல என்று பின்னால் வருபவருக்குத் தெரியும். ஊர் மட்டும் தெரிந்த படத்துக்கு ஆறு தசம இலக்கம் எழுதாதீர்கள். ஆறாவது இலக்கம் ஒரு சாண் அகலம்கூட இல்லை; ஊருக்கு இரண்டு இலக்கம் போதும், அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கேமரா நின்ற இடமா, படத்தில் தெரியும் மலை இருக்கும் இடமா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்து எல்லாப் படத்துக்கும் ஒன்றையே பின்பற்றுங்கள். ஐபிடிசி களங்களில் (படத்தின் விவரங்களை எழுதும் இன்னொரு தரம்) இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

## அறிகுறி 8: எழுதிய இடம் மென்பொருளில் தெரியவில்லை

எக்சிஃப்டூலில் கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே எண் தெரிந்தால் உங்கள் வேலை சரி. மென்பொருள் பழைய பட்டியலையே காட்டுகிறது. விவரங்களை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கும் தெரியவில்லையென்றால், ரா வகைக் கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகள்) பல மென்பொருள்கள் இடத்தைப் பக்கத்தில் உள்ள எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பில் எழுதும். படத்தை வேறு கோப்புறைக்கு நகர்த்தியபோது அது பின்தங்கியிருக்கும். பழைய கோப்புறையில் அதே பெயரில் கிடக்கும். எடுத்துவந்து படத்தின் அருகில் வையுங்கள்.